முட்டுவலிக்கு ஸ்டெம் செல் ஊசி: சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். ஸ்டெம் செல் ஊசி என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு சரக்கு முழங்காலுக்குள் ஏற்றப்படுகிறது. கையில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த பி.ஆர்.பி. ஒன்று. இடுப்பெலும்பில் உறிஞ்சிய மஜ்ஜை இன்னொன்று. வயிற்றுக் கொழுப்பில் இருந்து பிரித்தது மூன்றாவது. ஆய்வகத்தில் வளர்த்து, உறைய வைத்து, பெட்டியில் வந்து சேருவது நான்காவது. விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களில் போய் நிற்கிறது. ஆதாரம், அனுமதி, ஆபத்து எல்லாமே ஒன்றுக்கொன்று வேறு. ஆகவே "ஸ்டெம் செல் போடலாமா?" என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. "எந்த ஊசி, எந்த முட்டுக்கு?" என்று கேட்டால் சொல்லலாம்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம் இங்குள்ள வேலைகள். அண்டி ஆபீஸில் நாள் முழுக்கத் தரையில் இருந்து முந்திரி உடைக்கிற பெண்கள், குலசேகரம் பக்கம் சரிவில் ஏறி இறங்கி, தாழ்ந்த பட்டையில் பாதி குந்தியபடி ரப்பர் வெட்டுகிறவர்கள், பனையேறிகள், தலைச்சுமையாக மீன் விற்றவர்கள் என்று ஐம்பது வயதுக்குள் முட்டு பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பார்த்துவிட்டு திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிறவர்களும் உண்டு. "ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி, ஜவ்வு திரும்ப வளரும்" என்ற வாக்கு இவர்கள் காதில் எவ்வளவு இனிமையாக விழும் என்பது தெரிந்ததுதான். அதனால்தான் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எக்ஸ்ரே, அதுவும் நின்றபடி

முகாம்களில் நடக்கிற இரண்டு தவறுகளைச் சொல்லிவிட வேண்டும். குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்து "எலும்பு வீக்" என்று சீட்டு தருவார்கள். அந்தக் கருவி பார்ப்பது எலும்பின் அடர்த்தியை. முழங்கால் தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது, படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே. படுத்திருக்கும்போது முட்டின் மேல் உடம்பின் பாரம் இல்லை, இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி நன்றாகவே தெரியும். அதே ஆள் எழுந்து நின்றால் உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டி நிற்கும். இரண்டு காலிலும் சமமாகப் பாரம் ஊன்றி நின்று, முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்த படம் இல்லாமல் எந்த ஊசிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

தேய்மானத்தை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் சந்தேகம். 2-ல் எலும்பு ஓரத்தில் சிறு முள் வளர்ந்திருக்கும். 3-ல் இடைவெளி தெளிவாகக் குறைந்திருக்கும். 4-ல் இடைவெளி அநேகமாக இல்லை, கால் வில் போல வளையத் தொடங்கியிருக்கும். ஸ்டெம் செல் பற்றிய நல்ல செய்திகள் பெரும்பாலும் 2, 3 தரத்தில் உள்ளவர்களைச் சோதித்து வந்தவை. 4-ம் தரத்தில் கால் வளைந்துபோன ஒருவருக்கு எந்தச் செல்லை ஏற்றினாலும் வளைவு நிமிராது, பாரம் தேய்ந்த பக்கத்திலேயே மறுபடியும் விழும். அந்த முட்டுக்கு ஊசி விற்பது நியாயம் இல்லை.

எல்லா முட்டுவலியும் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை விரல்கள் மடங்காமல் இறுகிக் கிடக்கிறது, இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குகின்றன என்றால் அது ருமட்டாய்டு வாதமாக இருக்கலாம். அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் போல வேறு மருந்து உண்டு. அதைத் தாமதித்தால் மூட்டே கெட்டுப்போகும். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் நிற்கிற வலியும், யூரிக் அமிலத்தால் ஒரே இரவில் சிவந்து வீங்குகிற வலியும் இந்த ஊசிக்கான நோய்கள் அல்ல. தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், நடக்க நடக்கத்தான் வலி ஏறும். இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே பேக்கேஜ் விலை பேசுகிற இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான்கு சரக்கு

பி.ஆர்.பி.யில் ஸ்டெம் செல் கிடையாது. முழங்கையில் 15 முதல் 60 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்து, சுழற்றி, பிளேட்லெட் நிறைந்த மஞ்சள் நீரை 3 முதல் 6 மில்லி பிரிப்பார்கள். அதை "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று ரசீதில் எழுதினால் அது பெயர் மோசடி. 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஒரு வருடம் கழித்து பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் வலியிலும் குருத்தெலும்பின் (ஜவ்வு என்று சொல்வது இதைத்தான்) அளவிலும் வித்தியாசம் இல்லை. சின்னச் சின்னச் சோதனைகள் சிலவற்றில் பலன் தெரிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது, சொந்த ரத்தம், ஆபத்து குறைவு என்பதால் 2-ம் தரத்தில் உள்ள ஒருவர் தெரிந்தே முயன்று பார்த்தால் தடுக்க மாட்டோம்.

மஜ்ஜை ஊசியில் உண்மையிலேயே ஸ்டெம் செல் இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். மஜ்ஜையில் உள்ள உட்கருச் செல்களில் இந்த வகைச் செல் பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். எடுக்கும் முறையில் பிழை வந்தால் அதுவும் போய்விடும்.

கொழுப்பில் இருந்து எடுப்பதில் இரண்டு வழி. கொழுப்பை வெறுமனே கழுவி, நுணுக்கி ஏற்றுவது ஒன்று. கொலாஜினேஸ் என்ற நொதி ஊற்றிக் கரைத்துச் செல்லைப் பிரிப்பது இன்னொன்று. நொதி சேர்ந்தவுடன் அது, செல்லின் இயல்பை மாற்றாத சிறு கையாளல் என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது. இந்திய விதிப்படி மருந்துக்கு உரிய அனுமதி வேண்டும். கிளினிக்கின் பின் அறையில் செய்கிற காரியம் அல்ல.

தொப்புள்கொடி ஸ்டெம் செல் என்று குப்பியில் வருவதை அதிகம் சந்தேகியுங்கள். 2018-ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்தில் தயாரித்த ஊசி போட்டவர்களில் 12 பேருக்குக் கிருமித் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடைக்கப்பட்ட குப்பிகளுக்குள்ளேயே கிருமி இருந்தது.

வளர்த்த செல்லில் இந்தியாவில் முறைப்படி அனுமதி பெற்ற ஒன்று இருக்கிறது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் தயாரித்து, ஆல்கெம் நிறுவனம் ஸ்டெம்ஒன் என்ற பெயரில் 2022-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேறு ஆரோக்கியமானவர்கள் கொடுத்த மஜ்ஜையில் வளர்த்த செல்கள். ஒரு முட்டுக்கு ஒரு ஊசி, இரண்டரைக் கோடி செல். கூடவே மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹயலுரானிக் அமிலம் 2 மில்லி ஏற்றுவார்கள். அனுமதி 2, 3 தரத் தேய்மானத்துக்கு மட்டும். 146 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஒரு வருடம் வரை வலியும் நடமாட்டமும் செல் இல்லாத போலி ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தன. நான்கில் இதற்குத்தான் இங்கே அதிக மதிப்பெண். ஆனால் இது உறைந்த நிலையில், திரவ நைட்ரஜன் கலத்தில் வர வேண்டிய சரக்கு. அதைச் சரியான வெப்பநிலையில் கொண்டுவந்து, உருக்கி, உடனே ஏற்றும் வசதி இருக்கிறதா, பையின் மேல் தொகுதி எண், காலாவதி தேதி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சாதாரண ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்தால் அது அந்தச் சரக்கு அல்ல.

மஜ்ஜை எடுக்கும்போது நடப்பது

கவிழ்ந்து படுக்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் குழி விழுகிற இடத்தில், எலும்பின் மேட்டைத் தடவிப் பார்த்து மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். தோலுக்கு மட்டும் போட்டால் போதாது. எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வு வரை மருந்து போய், இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு தடித்த ஊசியை முறுக்கி முறுக்கி எலும்புக்குள் இறக்குவார்கள். அழுத்தம் தெரியும், வலி அவ்வளவு இருக்காது. உறிஞ்சும்போதுதான் தொடை வழியாக ஒரு இழுப்பு இறங்கும். மஜ்ஜைக்குள் மரப்பு மருந்து எட்டாது என்பதால் அது யாருக்கும் தவிர்க்க முடியாதது. சில நொடியில் போய்விடும் என்று முன்னமே சொல்லி வைக்கிற டாக்டர் நல்ல டாக்டர்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது சிரிஞ்ச். 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்தி ஒரே இடத்தில் ஒரே மூச்சில் இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முதல் சில மில்லிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சாதாரண ரத்தம். 10 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஊசியைத் திருப்பி, இடம் மாற்றி, மறுபடி இழுத்தால்தான் செல் அடர்த்தியாகக் கிடைக்கும். சிரிஞ்சைச் சிட்ரேட் அல்லது ஹெபாரினால் நனைக்காமல் விட்டால் மஜ்ஜை நிமிடத்தில் கட்டியாகிவிடும், கட்டிக்குள் செல்லும் சிக்கிவிடும். பொதுவாக 60 மில்லி வரை எடுத்து, வடிகட்டி, கால் மணி நேரம் சுழற்றினால் குழாயில் மூன்று அடுக்கு தெரியும்: அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறம், இரண்டுக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு வெளிர்ப் படலம். வேண்டியது அந்தப் படலமும் அதை ஒட்டிய கொஞ்சமும்தான். கை நடுங்கி அடியில் இருந்து சிவப்பணு அதிகம் வந்துவிட்டால், ஊசி போட்ட பிறகு முட்டு எரிச்சலாக வீங்கும்.

முழங்காலில் ஏற்றும்போது, உள்ளே நீர் கட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஏற்றுவது எல்லாம் நீரில் கரைந்துபோகும். முட்டுச் சிரட்டையின் மேல் வெளி ஓரமாக, அல்ட்ராசவுண்டு பார்த்து ஊசி போனால் மூட்டுக்குள்தான் போகிறது என்று உறுதி. திரை பார்க்காமல் குத்தி, மூட்டுக்கு வெளியே கொழுப்பில் போய்ச் சேர்ந்த ஊசிகள் உண்டு. எவ்வளவு நல்ல செல்லாக இருந்தாலும் அப்போது வீண். மரப்பு மருந்தைத் தோலோடு நிறுத்த வேண்டும். லிக்னோகெய்ன், பூபிவெகெய்ன் போன்றவை மூட்டுக்குள் போனால் குருத்தெலும்புச் செல்லையே கொல்லக்கூடியவை. செல் ஊசியோடு ஒரே சிரிஞ்சில் மரப்பு மருந்தைக் கலப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பலன் எவ்வளவு?

வலி குறையலாம். குருத்தெலும்பு திரும்ப வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள். 2023-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய சோதனை ஒன்றில் 475 பேரைக் கணக்கிட்டார்கள். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடிச் செல் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து எதுவும் ஸ்டீராய்டை வெல்லவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் மேம்பாடு இல்லை. லட்ச ரூபாய் கணக்கில் விலை பேசும்போது இந்தச் செய்தியை மனதில் வையுங்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு ஊசியின் விலை சில நூறு. 2025-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்கிற காக்ரேன் குழு 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது: பத்துக்கு எத்தனை என்று வலியைக் கேட்டால், ஆறு மாதத்தில் போலி ஊசியைவிட ஒன்றே கால் அளவு குறைவு. அதுவும் உறுதி குறைந்த ஆதாரம் என்றே எழுதினார்கள். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. மூட்டு நோய்களுக்கு எந்த ஸ்டெம் செல் பொருளுக்கும் இதுவரை அனுமதி தரவில்லை.

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டு நெறி தெளிவாக இருக்கிறது. அனுமதி பெற்ற பயன்பாடுகளைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் மருத்துவச் சோதனைகளைப் பதியும் தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்க வேண்டும், நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. "இது ஆராய்ச்சி, ஆனாலும் கட்டணம் உண்டு" என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

அந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும்

4-ம் தரத்துக்கு மூட்டு மாற்று அறுவைதான் நிலையான வழி. முழுமூட்டு மாற்றுகளில் சுமார் 80 சதவீதம் 25 ஆண்டு தாங்குகின்றன என்று 2019-ல் வந்த பெரிய தொகுப்பு காட்டியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் எலும்புப் பிரிவில் காட்டி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் உங்கள் முட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, பிறகு தனியார் பேக்கேஜைப் பற்றி யோசியுங்கள். நகையை அடகு வைத்து ஊசி போட்டு, ஒரு வருடத்தில் அதே அறுவைக்கு வந்து நிற்பது பெரிய இழப்பு.

2, 3 தரத்துக்கு முதல் மருந்து தொடைத் தசை. முட்டுக்கு அடியில் ஒரு தோர்த்தை (துண்டை)ச் சுருட்டி வைத்து, காலை நீட்டி, முட்டால் தோர்த்தைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு பத்து, நாளுக்கு மூன்று தடவை. அடுத்து, ஒரு காலை மடக்கி மறு காலை நேராக ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. இரண்டு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுவது. ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் தெரியும். நான்கு நாளில் விட்டுவிட்டு "எக்சர்சைஸ் கேட்கவில்லை" என்பதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். கம்பு ஊன்றுகிறவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பலரும் அதே பக்கம் பிடிக்கிறார்கள். அண்டி ஆபீஸில் ஒரு தாழ்ந்த ஸ்டூலும், வீட்டில் உயரக் கழிப்பறை இருக்கையும் எந்த ஊசியையும்விட விலை குறைவு. இவற்றை மூன்று மாதம் செய்துவிட்டும் வலி நிற்கவில்லை, தரம் 3-ஐத் தாண்டவில்லை, கையில் கடன் இல்லாத பணம் இருக்கிறது என்றால் அனுமதி பெற்ற ஊசியைப் பற்றிப் பேசலாம்.

போடுவதென்று முடிவானால்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போடக் கூடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை வேண்டும். காலில் புண், பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். புற்றுநோய் இருப்பவர்களும் அதற்குச் சிகிச்சையில் இருப்பவர்களும் வேண்டாம். ரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் இதய டாக்டரிடம் கேட்க வேண்டும். பி.ஆர்.பி. என்றால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் பிளேட்லெட்டின் வேலையை அவை மட்டுப்படுத்தும். பெயர் எழுதாத வாதப் பொடி எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஊசி போட்ட முட்டில் குத்திய இடம் நன்றாக ஆறும்வரை வர்மத் தைலம், கட்டு, உருவிவிடுதல் எதுவும் வேண்டாம். வர்ம ஆசானிடமும் ஊசி போட்டதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் வலியும் வரும். பாரசிட்டமால் 650 போதும். வீட்டுக்குள் நடக்கலாம், மாடிப்படியும் குந்தலும் வேண்டாம். ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, முட்டு சூடாகிச் சிவந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, காலை மடக்கவே முடியாவிட்டாலோ மூட்டுக்குள் சீழ் பிடிக்கிறது என்று எண்ணி அன்றைக்கே போக வேண்டும். "ஊசி வேலை செய்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்று போனில் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். மூட்டு நீரைச் சோதனைக்கு எடுத்த பிறகுதான் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே மாத்திரை விழுங்கினால் கிருமி சோதனையில் பிடிபடாமல் போகும். சில நாள் தாமதத்தில் குருத்தெலும்பு மொத்தமும் அரித்துப் போய்விடும்.

வாரம் ஒருநாள் வெளியூரில் இருந்து டாக்டர் வந்து போகிற கிளினிக்குகளில் இதுதான் பெரிய ஓட்டை. புதன்கிழமை ஊசி, சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல், டாக்டர் அடுத்த புதன்தான் வருவார். பணம் கட்டுவதற்கு முன்பே, ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எண்ணையும் ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள். எந்தப் பொருள், எத்தனை மில்லி, எந்தத் தொகுதி எண் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஆசாரிப்பள்ளத்தில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.